டீச்சிங் பிராக்டிஸுக்கு அனுப்பும் முன்: மாற்றுத்திறன் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வருங்கால ஆசிரியர்களைப் பழக்கும் வழி

பி.எட். மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாட்டு வகைகளையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதே மாணவர் அம்மாபேட்டையிலோ ஓமலூரிலோ ஓர் ஆறாம் வகுப்புக்குள் நுழைகிறார். மூன்றாவது பெஞ்சில் காதுகேட்கும் கருவி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பீரியடை ஓட்டிவிட்டு வந்துவிடுவார். இரக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. என்ன செய்வது என்று அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

சேலம் மாவட்டத்துக் கல்வியியல் கல்லூரிகளிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் உள்ளடக்கிய கல்வித் தாளை (மாற்றுத்திறன் குழந்தைகளையும் சாதாரண வகுப்பிலேயே சேர்த்துக் கற்பிப்பது பற்றிய பாடம்) நடத்துகிறவர்களுக்காகவும், பள்ளியில் பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைடு டீச்சர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிறப்புக் கல்விக்கான பி.எட். வேறு, அது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரத்தோடு நடப்பது. நாம் பேசப்போவது தமிழோ கணக்கோ அறிவியலோ நடத்தப் போகிற சாதாரண ஆசிரியர்களைப் பற்றி. அவர்களை டாக்டர் ஆக்க வேண்டாம், ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆக்கவும் வேண்டாம். ஒரு குழந்தையை ஒழுங்காகக் கவனித்து, அந்தக் குழந்தைக்காகத் தன் லெசன் பிளானை மாற்றத் தெரிந்தால் போதும். மொத்தப் பயிற்சியையும் அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

படி 1: கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளியோடு தொடர்புள்ளவை. முதலாண்டில் வரும் 4 வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லும் விளையாட்டு பல கல்லூரிகளில் நடக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டினால் பயம்தான் தெரியும். பார்வையில்லாத ஒருவர் எப்படிப் படிக்கிறார், எப்படி வேலை செய்கிறார் என்பது தெரியாது. அதற்குப் பதிலாகப் பார்வை மாற்றுத்திறன் கொண்ட ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதும். 'நீங்கள் படித்தபோது எந்த ஆசிரியர் உங்களுக்குப் பயன்பட்டார், அவர் அப்படி என்ன செய்தார்?' என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே பேச்சு போகட்டும். வழியனுப்பும்போது வழக்கமான பொன்னாடை போட்டுக்கொள்ளுங்கள். 'உங்களைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது' உரை மட்டும் வேண்டாம்.

அடுத்தது மைக்ரோ டீச்சிங், அதாவது ஒரு சமயத்தில் ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சில நிமிடம் நடத்திப் பழகுவது. கரும்பலகைத் திறனுக்கு என்று ஒரு வகுப்பு எப்படியும் நடத்துவீர்கள். அதிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிடலாம். பலகையைப் பார்த்தபடி பேசக்கூடாது. எழுதியதை எல்லாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் நிபந்தனை காது கேளாத குழந்தைக்கு, இரண்டாவது பார்வை குறைந்த குழந்தைக்கு. பச்சை, நீலச் சாக்பீஸைக் கையிலிருந்தே வாங்கி வைத்துவிடுங்கள். வெள்ளையும் மஞ்சளும்தான் பின்பெஞ்ச் வரை தெரியும்.

ஒரு மதியம் டேப்போடு கல்லூரிக் கட்டடத்தை அளக்கச் சொல்லுங்கள். சாய்தளத்துக்கு 1:12 என்பது பொதுவான அளவு. 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி இருந்தால் மொத்தம் 45 செ.மீ.; அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பெயருக்கு ஒன்றரை மீட்டரில் போட்டு வைத்திருக்கும் சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதில் சிமென்ட்தான் இருக்கிறது, வழி இல்லை என்று.

படி 2: வட்டார வள மையத்தை முதலில் பிடியுங்கள்

சேலம் மாவட்டத்தில் 20 ஒன்றியங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் வேலை பார்க்கிறார்கள். பள்ளிகளைப் பிரித்துக்கொண்டு முறை வைத்துப் போய்வருவார்கள். பயிற்சிக்கான பள்ளிப் பட்டியல் முடிவானதும் அந்தந்த ஒன்றியத்தின் சிறப்பாசிரியரிடம் பேசி, எந்தக் கிழமை எந்தப் பள்ளிக்கு வருவார் என்று கேட்டு வாங்குங்கள். பயிற்சி மாணவர் அந்த நாளில் மட்டும் கட்டாயம் லீவு போடக் கூடாது.

பள்ளிக்கே வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவதும் அவர்கள் வேலைதான். ஹெச்.எம். அனுமதியும் பெற்றோர் சம்மதமும் கிடைத்தால், ஒருநாள் பயிற்சி மாணவரையும் உடன் அனுப்புங்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிகிற விஷயம் அங்கே போனால்தான் விளங்கும்.

படி 3: முதல் இரண்டு வாரம் பார்ப்பது மட்டும்

அவசரப்பட்டுப் பாடம் நடத்த விட வேண்டாம். இரண்டு வாரம், ஒரு குழந்தை, ஒரு நோட்டு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். நினைத்தது, ஊகித்தது, மற்ற டீச்சர்கள் ஸ்டாஃப் ரூமில் சொன்னது எதுவும் அதில் வரக்கூடாது.

முதல் வாரம் வருகிற நோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: 'மாணவன் கவனக்குறைவானவன். படிப்பில் ஆர்வமில்லை. குறும்பு அதிகம்.' சிவப்பு மையால் அடித்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள். வேண்டியது இப்படி: 'பலகையில் 5 வரி எழுதப்பட்டது. முதல் 2 வரியை எழுதினான். பிறகு பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதினான். டீச்சர் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்தபடியே சரியாகப் பதில் சொன்னான்.'

இந்த நான்கு வரியிலிருந்து வேலை தொடங்கும். பதில் தெரிந்த பையன் ஏன் பலகையை விட்டுவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்க்கிறான்? தூரத்தில் இருப்பது தெரியவில்லையா? முன்பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் அப்படியே செய்தால், புத்தகத்தைக் கையில் கொடுத்து அதே வரிகளை எழுதச் சொல்லலாம். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறான், பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை என்றால் கண் பரிசோதனைக்குச் சொல்ல வேண்டியதுதான். இரண்டிலும் தடுமாறினால் எழுதும் வேகமா, கைவலியா, எழுத்தே பிடிபடவில்லையா என்று அடுத்துப் போக வேண்டும். கண்ணாடி போட்டதும் சரியாகிவிடுகிற 'கவனக்குறைவு' வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும்.

அடம், அழுகை, அடிப்பது போன்றவற்றுக்கு நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின் என்ன நடந்தது. ஒரு வாரத்திலேயே ஒழுங்கு தெரியவரும். பிரேயர் மைக் அலறும்போது மட்டும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற குழந்தை, கணக்குப் பீரியடில் மட்டும் ரகளை செய்து வெளியே அனுப்பப்படுகிற குழந்தை என்று தனித்தனியாகப் புரியும். இரண்டாவது குழந்தைக்கு வெளியே அனுப்புவது தண்டனையே இல்லை என்பதும் புரியும்.

நோட்டில் குழந்தையின் பெயர் வேண்டாம், போட்டோவும் கூடாது. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் 'எனது கேஸ் ஸ்டடி' என்று குழந்தையோடு எடுத்த செல்ஃபி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கிளம்பும் முன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

படி 4: எழுத்தில் தடுமாறும் குழந்தையை அடையாளம் காண்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆனால் இதற்கு நம் கைக்கு வரும் நோட்ஸ் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து எழுதியது. 'பி'யையும் 'டி'யையும் திருப்பிப் போடுவார்கள் என்று படித்துவிட்டு வருகிற பயிற்சி மாணவர், தமிழ் நோட்டில் எதைப் பார்ப்பார்?

முதலில் எதைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடலாம். ன-ண-ந, ர-ற, ல-ள-ழ குழப்பம் ஏழாம் வகுப்பிலும் இருக்கும், பட்டதாரிகளிடமும் இருக்கும். பேச்சில் அந்த வேறுபாடு தேய்ந்துபோன வீட்டில் வளரும் குழந்தைக்குக் காது உதவாது. கண்ணால் பார்த்து நினைவு வைத்துத்தான் எழுத வேண்டும். இதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுதிவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை வேறு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இந்த ஏற்பாடு மூன்றாம் வகுப்பு தாண்டியும் பிடிபடாமல் கொம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கிறதா? 'பள்ளி' என்பது 'பளி' ஆகி, 'அப்பா' என்பது 'அபா' ஆகி, புள்ளி எழுத்து தொடர்ந்து விழுந்துபோகிறதா? ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக வருகிறதா? முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துப் படிக்கிறதா? வாயால் கேட்டால் வகுப்பிலேயே நல்ல பதில், எழுதச் சொன்னால் ஒன்றுமில்லை என்ற இடைவெளி இருக்கிறதா?

ஒரு சின்னச் சோதனை பயிற்சி மாணவர்களே செய்யலாம். தெரிந்த சொற்கள் பத்து, அர்த்தமில்லாத சொற்கள் பத்து ('மெடகு', 'தோபசி' மாதிரி) எழுதி, தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். தெரிந்த சொற்களை முகம் பார்த்து அடையாளம் காண்கிற மாதிரி படித்துவிட்டு, அர்த்தமில்லாதவற்றில் முழுதாக நின்றுவிட்டால், எழுத்தையும் ஒலியையும் கோக்கும் இடத்தில்தான் சிக்கல். அதற்கும் முன் கண், காது, வருகைப் பதிவேடு, வீட்டு மொழி நான்கையும் பார்த்துவிட வேண்டும். சேலத்தில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் நிறைய. தமிழ் அவர்களுக்குப் பள்ளியில் வந்து சேர்ந்த மொழியாக இருக்கலாம். தொடக்கப் பள்ளியாக இருந்தால், அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் குழந்தை எந்த நிலையில், அரும்பிலா, மொட்டிலா, மலரிலா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் குறிப்போடு சிறப்பாசிரியரிடம் கொடுப்பதுதான் பயிற்சி மாணவரின் எல்லை. பெயர் சூட்டுவது அவர் வேலை இல்லை. உதவி செய்ய அந்தப் பெயர் தேவையும் இல்லை. கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் தனி அட்டையில் வெட்டி, சொல்லைக் காதால் கேட்டு அடுக்கச் சொல்லலாம். நாளைக்குப் படிக்க வேண்டிய பத்தியை இன்றே காட்டிவிடலாம். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாய்விட்டு வாசிக்கச் சொல்வதை நிறுத்தலாம். இவற்றில் எதற்கும் டாக்டர் சீட்டு வேண்டாம்.

படி 5: லெசன் பிளானில் கை வைப்பது

எந்த லெசன் பிளானின் கடைசியிலும் 'சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிக்கவனம் செலுத்தப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, 'எப்படி?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். அதே பிளானின் நகலை எடுத்து, குறிப்பிட்ட குழந்தைக்காக என்ன மாறுகிறது என்று வேறு நிற மையில் எழுதச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பின்னம் என்று வைத்துக்கொள்வோம். சேலத்துப் பயிற்சி மாணவர்களுக்கு உடனே தட்டுவடை நினைவுக்கு வரும். உடைத்தால் நான்கும் நான்கு அளவில் உடையும். 'சமமான பகுதி இல்லையென்றால் பின்னம் ஆகாது' என்று காட்டுவதற்கு மட்டும்தான் அது உதவும். (அப்புறம் தின்றுவிடலாம்.) பாடத்துக்குக் காகிதப் பட்டை போதும். எல்லாரும் மடிக்கிறார்கள்: பாதி, கால், அரைக்கால்.

இப்போது மாற்றம். பார்வை குறைந்த பையனின் பட்டையில் மடிப்புக் கோட்டை விரலால் தடவித் தெரிந்துகொள்ளும்படி அழுத்தி மடித்து, மார்க்கரில் தடிமனாகக் கோடு போட வேண்டும். பயிற்சித்தாளை ஜெராக்ஸ் கடையில் 141 சதவீதம் பெரிதாக்கச் சொன்னால் ஏ4 தாள் ஏ3 ஆகிவிடும். காது கேளாத பெண்ணுக்குப் 'பகுதி', 'தொகுதி' போன்ற புதுச் சொற்களைப் பாடம் தொடங்கும் முன்பே பலகையின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். பெருமூளை வாதத்தால் விரல்கள் ஒத்துழைக்காத பையனுக்கு மடித்த பட்டையையே கொடுத்து, விடையைச் சுட்டிக்காட்டச் சொல்லலாம். அவனிடம் சோதிப்பது கணக்கைத்தான். மடிக்கும் திறமையை இல்லை.

அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைக்கு நோக்கமே மாறும். அதே பெஞ்ச், அதே காகிதம், ஆனால் இலக்கு 'முழுசு', 'பாதி' இரண்டு மட்டும். அப்புறம் எட்டுப் புளியங்கொட்டையை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்துத் தருவது. தனி மூலையில் உட்கார வைத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டக் கொடுப்பதைப் பல வகுப்புகளில் பார்க்கலாம். வகுப்பு அமைதியாக நடக்கும். அந்தக் குழந்தைக்கு அன்றைக்குப் பாடம் இல்லை. மதிப்பீட்டுப் பகுதியிலும் எழுதலாம், சொல்லலாம், செய்து காட்டலாம் என்று மூன்று வழி திறந்திருக்கட்டும். அது குறைபாடில்லாத பலருக்கும் வசதியாகவே இருக்கும்.

படி 6: கைப்பழக்கமாக வேண்டியவை

காதுகேட்கும் கருவி போட்டிருந்தால் கேட்கிறது என்று அர்த்தமில்லை. பேட்டரி தீர்ந்த கருவியோடு வாரக்கணக்கில் வருகிற குழந்தைகள் உண்டு. தினமும் காலையில் ஆறு ஒலிகளால் சோதிக்கலாம்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். ஒரு மீட்டர் தள்ளி நின்று, உதடு தெரியாமல் ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ஒழுங்கு மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஸ்' நேற்றுவரை வந்தது, இன்று வரவில்லை என்றால் கருவியையோ காதையோ பார்க்க வேண்டும். இன்னொன்று, கருவி பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை. சத்தம் எல்லாவற்றையும் பெரிதாக்கும். பள்ளிச் சுவரை ஒட்டித் தறி ஓடுகிற தெருக்கள் நம் ஊரில் உண்டு. அப்படிப்பட்ட வகுப்பில் அந்தக் குழந்தையின் இடம் முன்வரிசை மட்டும் இல்லை, தறிக்கு எதிர்ப்பக்கச் சுவரோரமும்கூட. ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. முகம் இருட்டடித்து உதடு தெரியாது.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பயிற்சி மாணவரும் செய்து காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகளை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிப்பது பயனில்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, அதுதான் முதல் வலிப்பு என்றாலோ 108.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய நிகழ்ச்சி வரிசையைப் படமாக ஒட்டி வைத்து, மாற்றம் வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

படி 7: மலைக்குப் போகிறவர்களுக்கு

ஏற்காடு ஒன்றியத்துப் பள்ளிகளுக்குப் போகச் சொன்னால் 20 கொண்டை ஊசி வளைவையும் நினைத்துப் பயிற்சி மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். சிலரையாவது அனுப்புங்கள். அங்கே கற்றுக்கொள்வது வேறு.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தமிழுக்கு அதற்கென்று ஒரு சாயல் உண்டு. கீழிருந்து போகிற பயிற்சி மாணவர் அதைப் 'பேச்சுக் குறைபாடு' என்று நோட்டில் எழுதிவிடுவார். வழி எளிது: அந்தக் குழந்தையின் அண்ணனோ அக்காவோ எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களும் அப்படியே பேசினால் அது ஊர்ப் பேச்சு. குறிப்பிட்ட குழந்தையின் பேச்சு மட்டும் வீட்டாருக்கே புரியவில்லை என்றால்தான் மேலே பார்க்க வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் ஈரமும் சாதாரணம். மூட்டம் இறங்கிய காலையில் வகுப்பறை இருட்டிவிடும். பார்வை குறைந்த குழந்தைக்கு அன்று பலகை இல்லை என்றே கொள்ள வேண்டும். காதுகேட்கும் கருவிக்கு ஈரம் எதிரி. மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ராத்திரி கருவியை அதில் வைக்கச் சொல்லுங்கள்.

உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் பெற்றோர் பக்கத்தில் இல்லை. குழந்தையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் விடுதிக் காப்பாளரும் சமையல் அம்மாவும்தான். மாத்திரை எங்கே இருக்கிறது, யார் கொடுக்கிறார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வலிப்பு வரலாற்றுக் குழந்தை இருந்தால் 5 நிமிடக் கணக்கும் இங்கே பொருந்தாது. ஆம்புலன்ஸ் வளைவு ஏறி வர நேரமாகும் என்பதால் தொடங்கியதுமே கூப்பிட்டுவிடலாம்.

படி 8: பெற்றோரிடம் பேசுவது

கேஸ் ஸ்டடிப் படிவத்தை வைத்துக்கொண்டு எடுத்த எடுப்பில் 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி மருத்துவருக்கு உரியது. வகுப்பறைக்கு அந்தப் பதிலால் எந்தப் பயனும் இல்லை. அம்மா முகம்தான் வாடிப்போகும். 'வீட்ல பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? என்ன வேலை தானா செய்வா?' என்று தொடங்கினால் பேச்சு வரும். காபித் தோட்டத்திலோ கொலுசுப் பட்டறையிலோ வேலை பார்க்கிறவருக்கு அரை நாள் என்பது அரை நாள் கூலி. அவர் வர முடிகிற நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

படி 9: காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. இது சட்டத்தின் 31ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் சிறப்பாசிரியரிடமோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ வழி கேட்கச் சொல்லலாம். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் நினைத்துக்கொண்டு ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

படி 10: மதிப்பெண், பிறகு ஒப்படைப்பு

ரெக்கார்டின் அட்டை, ஜிகினா, தெர்மாகோல் மாடல் இவற்றுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தினாலே பாதி மாறிவிடும். மூன்றைப் பாருங்கள்: நோட்டில் உள்ள குறிப்பு கண்ணால் பார்த்ததா, லெசன் பிளானின் இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, மாற்றிய பிறகு குழந்தை செய்த வேலை ஒன்று கையில் இருக்கிறதா. வைவாவில் 21 வகையைக் கேட்காதீர்கள். 'நீங்கள் செய்த மாற்றத்தில் எது பலிக்கவில்லை, அடுத்து என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால், பார்த்து எழுதிய ரெக்கார்டு அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசி வாரத்தில் பயிற்சி மாணவர் ஒரே ஒரு பக்கம் எழுத வேண்டும்: குழந்தை எங்கே உட்கார்ந்தால் வசதி, எது உதவியது, எது உதவவில்லை, எந்தப் பாடத்தில் எதுவரை வந்திருக்கிறது. அதை வகுப்பாசிரியரிடமும் சிறப்பாசிரியரிடமும் நேரில் விளக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருகைச் சான்றில் கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரிக்கு அதன் நகல் வேண்டாம், பள்ளியிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு வருகிற பயிற்சி மாணவர் ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, தன் நோட்டை அந்தப் பக்கம் முடிந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.